குழந்தைகளின் இரைப்பு நோயும் பருவகாலமும்

பயிருக்குப் பட்டம் இருப்பதுபோல ஆஸ்துமா என்னும் இரைப்பு நோய்க்கும் பருவம் உண்டு. இங்கிலாந்து, கானடா முதலிய தேசங்களில், கோடை விடுமுறை கழிந்து பள்ளிகள் திறந்தபின், செப்டம்பர் மாதத்தில் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்படும் குழந்தைகளின் தொகை மிகுகின்றது. பள்ளியில் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றும் ஜலதோஷமே இதற்கு முக்கிய காரணமாம்.

விருத்தாசலம் பகுதியிலோ ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையும், மார்கழியில் பனியும் வருகின்றன. ஈரச் சுவரில் பூஞ்சணம் படிகின்றது, அடைத்த வீட்டினுள் விறகுப் புகை தங்குகின்றது, சளியும் பரவுகின்றது. இவை யாவும் இரைப்பைத் தூண்டுவன. பீங்கான் தொழில் நடைபெறும் ஊராதலின், களிமண் தூசியையும் சூளைப் புகையையும் உடன் கருதல் வேண்டும்.

அங்கத்தினர்கள் கைக்கொள்ளத்தக்கவை:

1. உறிஞ்சு மருந்து இருவகைத்து. ஸால்புடமால் சுருங்கிய மூச்சுக்குழலை உடனே விரிக்கும்; ஆயினும் உள்வீக்கத்தை ஆற்றாது. வீக்கத்தை ஆற்றுவது நாள்தோறும் உறிஞ்சும் ஸ்டீராய்டு மருந்து. கோடையில் குழந்தை சுகமாயிருப்பது கண்டு, வைத்தியரைக் கேளாமல் இதனை நிறுத்துவோர் பலர். மழை தொடங்கியதும் துன்புறுவது அக்குழந்தையே.

2. பட்டறையிலிருந்து வருவோர் உடை மாற்றிக் குளித்த பின்னரே குழந்தையைத் தூக்குக.

3. குழந்தை பேச இயலாது திணறினும், மூச்சிழுக்கையில் விலா உட்குழியினும், உதடு நீலம் பாரிப்பினும், விடியட்டும் எனக் காத்திராமல் 108 வண்டியை அழைக்க.

புரட்டாசியிலேயே வைத்தியரைக் காண்பவர் ஐப்பசியில் ஆஸ்பத்திரிக்கு ஓடும் அவசியம் பெரிதும் குறையும்.