கடைக்கு வேண்டிய மலாய்: தெரிந்த சொல்லும் ஏமாற்றும்



ஊரிலிருந்து புதிதாய் வந்து நம் சூலியா தெருக் கடைகளில் நிற்கும் பிள்ளைகளுக்கு, மலாய் பாஷையில் முதலில் எதைச் சொல்லிக் கொடுப்பது என்று நண்பர்கள் கேட்கிறார்கள. நாம் பண்டிதரல்ல, மதரஸாவிலும் ஆரம்பப் பள்ளியிலும் படித்ததோடு சரி. கல்லாவில் உட்கார்ந்து கற்றதை இங்கே பாடமாக எழுதுகிறோம்.

1. நம்மிடமிருந்து போன சொற்கள்

பினாங்கில் 1786-ம் ஆண்டு ஆங்கிலக் கொடி ஏறுமுன்பே நம் முன்னோர் கெடாத் துறைகளில் கொடுக்கல் வாங்கல் செய்தவர்கள். சரக்கோடு சொல்லும் கப்பலேறிப் போயிற்று.

கெடாய் (கடை): "கெடாய் சுடா புக்கா." கடை திறந்தாயிற்று.

கபால் (கப்பல்): "கபால் பெலும் சம்பாய்." கப்பல் இன்னும் வந்து சேரவில்லை.

பெத்தி (பெட்டி): "தோலோங் அங்காட் பெத்தி இனி." தயவுசெய்து இந்தப் பெட்டியைத் தூக்குங்கள்.

மோடால் (முதல்): "ஜுவால் ஹர்கா மோடால்." அடக்க விலைக்கே விற்கிறோம்.

2. அரபியிலிருந்து இருவருக்கும் வந்த சொற்கள்

மதரஸாவில் ஓதிய பிள்ளைக்கு இவை எளிது. வக்து மலாயில் 'வக்து' தான். ரிஸ்க் என்பது 'ரெஜெக்கி'. செய்தி என்னும் பொருளுள்ள கபர், 'காபார்' ஆகிறது.

"அப்பா காபார், மாச்சே?" நலமா, அம்மா? வயதில் மூத்த மாதரை 'மாச்சே' என்று அழைக்க வேண்டும்.

கிழக்கு ஆப்பிரிக்காவின் சுவாஹிலி பாஷையிலும் இதே சொல்லை 'ஹபரி' என்று சொல்லித்தான் நலம் விசாரிக்கிறார்கள். வியாபாரம் போன கடலெல்லாம் இச்சொற்களும் போயிருக்கின்றன.

3. ஏமாற்றும் சொற்கள்

இதுவே பாடத்தின் முக்கிய பாகம். தெரியாத சொல்லைப் பிள்ளைகள் கேட்டுத் தெரிந்து கொள்வார்கள். தெரிந்ததாக நினைக்கும் சொல்லை யாரும் கேட்பதில்லை. நஷ்டம் அங்கேதான் வருகிறது.

நம் கடையில் நடந்ததைச் சொல்கிறோம். வயதான மலாய் அம்மா ஒருவர் ஏழு வெள்ளிக்குச் சாமான் வாங்கிப் பத்து வெள்ளி நோட்டைக் கொடுத்தார். பையன் நோட்டைக் கல்லாவில் போட்டுவிட்டு அடுத்த ஆளுக்குச் சாமான் எடுக்கப் போய்விட்டான். அந்த அம்மா, "பாக்கி மானா?" என்று கேட்டார். நம் தமிழில் பாக்கி என்றால் கடன் நிலுவை அல்லவா? பையன் கடன் நோட்டைப் புரட்டிப் பார்த்து, அவர் பேரில் ஒன்றும் இல்லையென்று கண்டு, சந்தோஷமாக, "பாக்கி தாக் அடா, மாச்சே" என்று சொல்லிவிட்டான்.

மலாயில் 'பாக்கி' என்பது கடைக்காரர் திருப்பித் தரவேண்டிய மீதிச் சில்லறையையும் குறிக்கும். 'மீதி கிடையாது' என்று முகத்தில் அடித்தாற்போல் சொன்னதாக அந்த அம்மாவுக்குக் கேட்டிருக்கிறது. அவர் சண்டை போடவில்லை; பேசாமல் போய்விட்டார். இரவு கணக்குப் பார்த்தபோது மூன்று வெள்ளி கூடுதலாய் இருந்தது. பையனை விசாரித்த பின்னரே விஷயம் விளங்கிற்று.

அந்த மூன்று வெள்ளியைத் தனியே தாளில் மடித்து வைத்தோம். அது நமக்கு ஹலாலான காசு அல்ல. பதினோரு நாள் சென்று அவர் எதிர்ச்சாரியில் நடந்து போகக் கண்டு, ஓடிப்போய்க் கையில் கொடுத்து மன்னிப்புக் கேட்டோம். "தாக் அப்பா, மாமாக்" என்று சிரித்தார். பரவாயில்லை என்று அர்த்தம். ஆனால் அந்தப் பதினோரு நாளும் நம் கடையைப் பற்றி அவர் என்ன நினைத்திருப்பார்!

ஆகவே மனப்பாடம் செய்ய வேண்டியவை:

பாக்கி (மீதி): "இனி பாக்கி, மாச்சே, தீகா ரிங்கிட்." இதோ மீதி மூன்று வெள்ளி.

ஹூத்தாங் (கடன்): "ஹூத்தாங் திங்கால் லீமா ரிங்கிட்." கடனில் ஐந்து வெள்ளி நிற்கிறது.

நந்தி (பிறகு): "நந்தி சாயா டாத்தாங் பாலேக்." பிறகு திரும்பி வருகிறேன். இதை 'நன்றி' என்று எண்ணி, அவர் எடுத்து வைத்த சாமானை வேறொருவருக்கு விற்றுவிடக் கூடாது. நன்றிக்கு மலாயில் 'தெரிமா காசே'.

கூப்பாங்: பினாங்குப் பேச்சில் ஒரு கூப்பாங் பத்து சென். 'லீமா கூப்பாங்' என்றால் ஐம்பது சென். ஐந்து சென் அல்ல.

ஹாங் (நீ): இந்த ஊரில் தோழர்கள் தமக்குள் பேசுவது. பெரியவர்களிடம் வேண்டாம். ஆண்களை 'பாச்சே', 'அபாங்' என்றும், பெண்களை 'மாச்சே', 'காக்கா' என்றும் வயதறிந்து அழைப்பதே மரியாதை.

முதலாளிமார்களுக்கு ஒரு வேண்டுகோள். புதுப் பையனுக்குத் தராசு பிடிக்கக் கற்றுக் கொடுக்கும் அன்றே இந்த ஐந்து சொல்லையும் கற்றுக் கொடுங்கள். தராசு சரியாக இருந்தும் சொல் பிசகினால், வாங்க வந்தவர் நம்மை மோசக்காரர் என்றே எண்ணிப் போவார். மீதியைக் கையில் வைக்கும்போது தொகையை வாயாலும் சொல்லச் செய்யுங்கள். அதற்குச் செலவு ஒன்றுமில்லை.