பேரிடருக்கு முன்னும் ஒரு கடமை உண்டு

மழைக்காலம் நெருங்கும்போதெல்லாம் நம் இல்லங்களில் ஒரு பேச்சு எழுகிறது. "வருவதை யார் தடுக்க முடியும்? எல்லாம் அல்லாஹ்வின் நாட்டம்" என்று சொல்லிவிட்டு அமர்ந்து விடுகிறோம். அவனது நாட்டமின்றி ஓர் இலையும் உதிர்வதில்லை என்பதில் முஸ்லிமுக்கு ஐயமில்லை. கத்ரை நம்புவது ஈமானின் பகுதி. ஆனால் அந்த நம்பிக்கை நம்மைச் சோம்பலுக்கு அழைக்கிறதா, உழைப்புக்கு அழைக்கிறதா என்பதே இங்கு நாம் ஆராய வேண்டிய பாடம்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைப்பதா, கட்டாமல் விட்டுத் தவக்குல் வைப்பதா என்று கேட்டவரிடம், முதலில் கட்டு, பிறகு இறைவனிடம் ஒப்படை என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் பதிலளித்ததாகத் திர்மிதீயில் வருகிறது. தவக்குல் என்பது கயிற்றுக்குப் பதில் அல்ல. கயிற்றைக் கட்டிய கையின் மன நிலை. நூஹ் (அலை) அவர்கள் வெள்ளம் வருமுன்பே கப்பலைக் கட்டினார்கள். கண்டவர்கள் பரிகாசம் செய்தார்கள். யூஸுப் (அலை) அவர்கள் ஏழு செழிப்பான ஆண்டுகளின் விளைச்சலைக் கதிரோடு சேமிக்கச் சொன்னார்கள். பின்வந்த ஏழு பஞ்ச ஆண்டுகளில் அது மக்களின் உயிரைக் காத்தது. இவர்களைவிட அல்லாஹ்வை நம்பியவர் நம்மில் யார்?

இப்பாடத்தை நம் நாட்டு மலையொன்றில் வைத்துப் பார்ப்போம். நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலைக்குக் காரவள்ளியிலிருந்து ஏறும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. மேலே வாழவந்திநாடு, வளப்பூர்நாடு என்று பெயர் தாங்கிய ஊராட்சிகளில் மலையாளிப் பழங்குடி மக்களின் சிற்றூர்கள் சிதறிக் கிடக்கின்றன. பெருமழையில் ஒரு வளைவில் மண் சரிந்து பாதை அடைபட்டால், கீழிருந்து வரும் தீயணைப்பு வண்டியும் ஆம்புலன்ஸும் காத்து நிற்க வேண்டியதுதான். அந்த நேரத்தில் முதல் உதவியாளர் யார்? பக்கத்து வீட்டுக்காரரே. அவருக்குப் பயிற்சி இருந்தால் ஓர் உயிர் பிழைக்கும். இல்லையெனில் அவரும் கைபிசைந்து நிற்பார்.

முன்னேற்பாடு மலைமக்களுக்குப் புதிதல்ல. சாமை, தினை, கேழ்வரகு விதைகளை அவர்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்தவர்கள். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் துணையோடு அங்கே சமுதாய விதை வங்கிகளும் அமைந்தன. ஒரு பருவம் பொய்த்தாலும் அடுத்த விதைப்புக்கு வழி இருக்கும். யூஸுப் (அலை) அவர்களின் வரலாற்றை ஓதும் நாம் இதில் நமக்குரிய படிப்பினையைக் காணலாம்.

இனி இதன் சட்ட நிலையைக் கவனிப்போம். ஊரில் ஒருவர் மரணித்தால் குளிப்பாட்டி, கபனிட்டு, தொழுது, அடக்கம் செய்வது ஃபர்ளு கிஃபாயா. சிலர் செய்தால் எல்லோர் மீதும் உள்ள பொறுப்பு நீங்கும். எவரும் செய்யாவிட்டால் அறிந்தும் இயன்றும் விட்டுவிட்டவர் அனைவரும் குற்றவாளிகள். ஆபத்தில் சிக்கிய உயிரைக் காப்பதையும் மார்க்க அறிஞர்கள் இவ்வகையிலேயே சேர்த்துள்ளனர். ஓர் உயிரை வாழவைப்பது மனித குலம் முழுவதையும் வாழவைப்பதற்கு ஒப்பானது என்ற கருத்தை அல்மாயிதா அத்தியாயம் நமக்குக் கற்பிக்கிறது. ஜனாஸாவுக்கு ஆள் இருக்கிறதா என்று பார்க்கும் ஜமாஅத், ஜனாஸா ஆகாமல் காக்க ஆள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டாமா?

ஆபத்து வந்த பின் உதவுவதில் நம்மவர் பின்தங்கியதில்லை. 2004 டிசம்பர் 26 அன்று கடல் பொங்கியபோது, பரங்கிப்பேட்டையில் திருமண விருந்துக்கென ஆக்கிய உணவு, சுற்றியுள்ள குப்பங்களிலிருந்து தப்பி வந்த மீனவ மக்களுக்குப் போய்ச் சேர்ந்தது. அந்த ஜமாஅத்தார் சாதி சமயம் பாராது ஆற்றிய பணி தமிழகம் அறிந்தது. நம்மிடம் குறைவது பிந்திய பரிவு அல்ல, முந்திய பயிற்சி.

முந்திய பணிக்கும் சான்று உண்டு. வயநாட்டில் ஹியூம் சூழலியல் மையம் பொதுமக்களையும் தோட்டக்காரர்களையும் கொண்டே பல இடங்களில் தினமும் மழையை அளந்து வந்தது. 2024 ஜூலை 30 விடியுமுன் முண்டக்கை, சூரல்மலைப் பகுதிகளில் நிலம் சரிந்து 200க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதற்கு முந்தைய நாளே அந்த மையம் அளவுகளைக் கண்டு எச்சரித்திருந்தது. எச்சரிக்கை இருந்தால் போதாது. அதை ஏற்று வீட்டை விட்டு எழும் மனமும் ஊருக்கு வேண்டும் என்பதே அதன் வேதனையான பாடம்.

அப்படியானால் ஒரு மஹல்லா செய்ய வேண்டியது என்ன?

முதலாவது, பள்ளிவாசல் பதிவேட்டில் முதியோர், நோயாளிகள், கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள் உள்ள வீடுகளைக் குறித்து வைத்தல். எந்த வீட்டுக்கு யார் ஓடுவது என்பதை மழைக்கு முன்பே முடிவு செய்தல்.

இரண்டாவது, வாலிபர்களுக்குப் பயிற்சி. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2016ல் 30 மாவட்டங்களில் தொடங்கிய 'ஆப்த மித்ரா' திட்டம், பின்னர் 350 மாவட்டங்களில் 1 லட்சம் தொண்டர்களுக்குப் பயிற்சி தரும் நோக்குடன் விரிவாக்கப்பட்டது. இத்தகைய பயிற்சிகளைப் பற்றி மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் விசாரித்துப் பிள்ளைகளை அனுப்பலாம்.

மூன்றாவது, அடையாளங்களை அறிதல். நிலத்தில் புதிய வெடிப்பு, சாயும் மரமும் கம்பமும், திடீரெனக் கலங்கும் ஊற்று, மேலிருந்து வரும் உறுமல் ஓசை இவை மண்சரிவின் அறிகுறிகள். கண்டவுடன் சாமான்களைத் தேடாமல் வெளியேற வேண்டும். மாவட்ட அவசர எண் 1077, மாநில எண் 1070, ஆம்புலன்ஸ் 108 ஆகியவற்றைச் சுவரில் எழுதி வையுங்கள்.

நான்காவது, ஒலிபெருக்கி. கடும் மழையிலும் குளிரிலும் அவரவர் இருப்பிடத்திலேயே தொழுது கொள்ளும்படி அறிவிக்குமாறு நபி (ஸல்) அவர்கள் பாங்கு சொல்பவருக்குப் பணித்தது புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. மக்களின் பாதுகாப்புக்காக முஅத்தினின் குரல் எழுவது ஸுன்னத்துக்கு அந்நியமன்று. மின்சாரம் போனாலும் அக்குரல் கேட்க ஒரு பேட்டரி தயாராக இருக்கட்டும்.

கயிறு, விளக்கு, முதலுதவிப் பெட்டி வாங்கும் செலவுக்கு ஸகாத்தைத் தொடாதீர்கள். ஸகாத்துக்குரிய 8 இனத்தாரை அல்லாஹ்வே வரையறுத்து விட்டான். பொதுவான சதகாவிலிருந்து செய்யுங்கள். ஐயமிருப்பின் உங்கள் ஊர் ஆலிமைக் கேட்டுக் கொள்ளுங்கள்.

அண்டை வீட்டாரின் உரிமைக்கு மதம் நிபந்தனையன்று. மலையடிவாரத்து மஹல்லா தயாரிக்கும் பட்டியலில், பக்கத்துத் தெருவின் முஸ்லிமல்லாத பாட்டியின் பெயரும் இருக்க வேண்டும். கயிற்றைக் கட்டுவோம், பிறகு கைகளை ஏந்துவோம். அல்லாஹ் நம்மையும் நம் அண்டையாரையும் திடீர் ஆபத்துகளிலிருந்து காப்பானாக. ஆமீன்.