பதினோராம் எண் கூண்டு

நுழையும் முன்

பேரிடர் நேர்ந்த ஊரைப் பற்றி நூல்கள் பலவும் பேசுகின்றன. அதற்கு அடுத்த ஊரில் அன்றிரவு விழித்திருந்தவர்களைப் பற்றிய பேச்சு குறைவு. 1964ஆம் ஆண்டுப் புயலைத் தனுஷ்கோடியில் நின்று காணாமல், அதே தீவின் மேற்குப் பகுதியிலுள்ள தங்கச்சிமடத்தில் நின்று காண முயல்கிறது இப்பாடம்.

தங்கையின் மடம்

பாம்பன் பாலத்தைக் கடந்து இராமேசுவரம் நோக்கிச் செல்லும் சாலையில் முதலில் வருவது அக்காள்மடம். அதனை அடுத்து வருவது தங்கச்சிமடம். இராமேசுவரத்திற்கு நடந்து சென்ற வழிப்போக்கர் இளைப்பாறுவதற்காக அக்காளும் தங்கையுமாகிய இருவர் எழுப்பிய மடங்களே இவ்வூர்களுக்குப் பெயராயின என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. வடக்கே பாக் நீரிணையும் தெற்கே மன்னார் வளைகுடாவும் சூழ்ந்த மணற்பாங்கான நிலம் இது. பனையும் தென்னையும் இதன் அடையாளங்கள். மீன்பிடித்தலே பெருந்தொழில் என்றாலும், மல்லிகை நாற்று வளர்த்தலும் இவ்வூருக்குப் பெயர் பெற்றுத் தந்த தொழிலாகும். மதுரை வட்டாரத் தோட்டங்களில் மலரும் மல்லிகையில் ஒரு பகுதி, இந்தக் கடற்கரை மணலில் வேர்விட்ட செடிகளின் வழித்தோன்றலே.

கடலோர மக்களுக்குக் காற்று என்பது ஒரே பொருளன்று. கிழக்கிலிருந்து வருவது கொண்டல். மேற்கிலிருந்து வருவது கோடை. வடக்கிலிருந்து வருவது வாடை. தெற்கிலிருந்து வருவது தென்றல். திசைதோறும் ஒரு பெயரும் பெயர்தோறும் ஒரு பருவமும் உண்டு. 'புயல்' என்னும் சொல்லோ பழந்தமிழில் மழைமேகத்தைக் குறித்தது. திருக்குறளில் அது உழவர்க்கு வளம் தரும் மழையாகவே வருகிறது. அழிவு தரும் காற்றுக்கு அச்சொல் பெயரானது பிற்காலத்தில்தான். மேகம் வருவதைக் கண்ணால் காணலாம். அதன் பின்னே வரும் சூறைக்காற்று எத்துணைப் பெரிது என்பதை மேகத்தைக் கண்டு அளந்துவிட முடியாது.

டிசம்பர் 22 இரவு

1964ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களின் நடுவில் அந்தமானுக்குத் தெற்கே கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு உருவாயிற்று. அது மேற்கு நோக்கி நகர்ந்து, வலுப்பெற்று, 22ஆம் நாள் இலங்கையின் வடபகுதியைக் கடந்து பாக் நீரிணைக்குள் நுழைந்தது. காற்றின் வேகம் மணிக்கு 280 கிலோமீட்டர் அளவை எட்டியது என மதிப்பிடப்பட்டுள்ளது. கடல் ஏறத்தாழ 7 மீட்டர் உயரத்திற்கு எழுந்து தனுஷ்கோடியின் மேல் கவிழ்ந்தது.

அன்றைய தனுஷ்கோடி ஒரு சிற்றூர் அன்று. சென்னையிலிருந்து இலங்கை செல்வோர் ரயிலிலிருந்து இறங்கித் தலைமன்னாருக்குக் கப்பலேறிய துறை அதுவே. ரயில் நிலையம், சுங்க அலுவலகம், அஞ்சலகம், பள்ளி, மருத்துவமனை, தேவாலயம் என ஒரு நகருக்குரிய யாவும் அந்த ஒடுங்கிய மணல்திட்டின்மேல் இருந்தன. பாம்பனிலிருந்து நள்ளிரவிற்குச் சற்று முன்பு புறப்பட்ட 653ஆம் எண் பயணிகள் ரயிலில் 110 பயணிகளும் 5 ரயில்வே ஊழியர்களும் இருந்தனர். தனுஷ்கோடியை நெருங்கும்போது கைகாட்டி விளக்குச் செயலிழந்திருந்தது. ஓட்டுநர் சற்று நேரம் காத்திருந்தார். பின்னர் நீண்ட ஊதலொலி எழுப்பி ரயிலைச் செலுத்தினார் என்று சொல்லப்படுகிறது. பேரலை ரயிலை முழுமையாக மூடிற்று. அதில் இருந்தோர் எவரும் பிழைக்கவில்லை. இந்தியாவிலும் இலங்கையிலுமாக அப்புயலில் உயிரிழந்தோர் ஏறத்தாழ 1,800 பேர் எனக் கூறுவர்.

அந்த ஓட்டுநரைக் குறை கூறுதல் எளிது. ஆனால் அவர் முன் இருந்தது ஒரு தவறான செய்தியன்று. செய்தியே இல்லாத நிலை. பச்சை விளக்கு 'வா' என்கிறது. சிவப்பு விளக்கு 'நில்' என்கிறது. அணைந்த விளக்கு என்ன சொல்கிறது? இவ்வினாவைப் பின்னர் மீண்டும் காண்போம்.

அடுத்த ஊர்

தனுஷ்கோடிக்கும் தங்கச்சிமடத்திற்கும் இடையே ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவு. இரண்டும் ஒரே தீவில்தான் உள்ளன. ஆயினும் அவ்விரவில் இந்தத் தொலைவு ஒரு பெருங்கடலைப் போல் விரிந்தது. அக்காலத்தில் பாம்பனில் ரயில்பாதை இரண்டாகப் பிரிந்தது. ஒரு கிளை தங்கச்சிமடம் வழியாக இராமேசுவரம் சென்றது. மற்றொன்று தனுஷ்கோடிக்குச் சென்றது. ஆகவே, நீரில் மூழ்கிய ரயில் தங்கச்சிமடத்தைத் தொட்டுச் சென்ற ரயில்கூட அன்று.

பனையோலை வேய்ந்த வீடுகள் நிறைந்திருந்த ஊரில் அந்தக் காற்று என்ன செய்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம். கூரை பிய்ந்த பின்னர்ச் சுவர் ஒன்றே துணை. குழந்தைகளையும் முதியோரையும் கல் கட்டடம் உள்ள இடத்திற்குக் கொண்டு சேர்க்க வேண்டும். வழியிலோ தென்னைகள் வேரோடு சாய்கின்றன. வெளியே செல்வதா, இருக்கும் இடத்திலேயே இருப்பதா என்பதை இருளில், காற்றின் பேரொலிக்கு நடுவே, ஒரு குடும்பத்தின் மூத்தவர் சில நொடிகளில் முடிவு செய்தாக வேண்டும். அருகில் நேரும் பேரிடரின் கொடுமை இதுதான். அழிவின் நடுவில் இருப்பவர்க்குத் தெரிவு செய்ய எதுவும் எஞ்சுவதில்லை. விளிம்பில் இருப்பவர்க்கோ தெரிவுகள் உண்டு. தெரிவு செய்வதற்கு வேண்டிய செய்திதான் இல்லை.

இராமேசுவரம் திருக்கோயில் அவ்விரவில் ஆயிரக்கணக்கானோர்க்குப் புகலிடமாயிற்று. கருங்கல் தூண்கள் தாங்கிய அதன் நெடிய சுற்றுப்பிரகாரங்கள் காற்றையும் மழையையும் தாங்கி நின்றன.

விடிந்த பின்னரும் தீவுக்குச் செய்தி வரவில்லை. 1914ஆம் ஆண்டு பிப்ரவரி 24 அன்று திறக்கப்பட்ட பாம்பன் ரயில் பாலமே நிலப்பகுதியோடு தீவை இணைத்த ஒரே வழி. சாலைப் பாலம் வந்தது 1988இல்தான். அந்த ரயில் பாலத்தின் 146 கண்களில் நூற்றிருபதுக்கும் மேற்பட்டவற்றைக் கடல் பெயர்த்துச் சென்றிருந்தது. கப்பலுக்கு வழிவிடும் தூக்குப் பகுதி மட்டும் உறுதியாக நின்றது. தந்தித் தொடர்பும் அற்றுப் போயிற்று.

இந்நிலையில் அண்டை ஊரார் எதைக் கொண்டு உண்மையை அறிவர்? வந்தவற்றைக் கொண்டு அறிய இயலாது. வராதவற்றைக் கொண்டே அறிய வேண்டும். விடியற்காலை ரயிலின் ஊதல் கேட்கவில்லை. அஞ்சல் வரவில்லை. கிழக்கிலிருந்து ஆள் எவரும் வரவில்லை. ஒவ்வொன்றும் தனித்தனியே சிறு குறைபாடாகத் தோன்றும். புயலுக்குப் பின் இவை இயல்புதானே என்று மனம் தன்னைத் தேற்றிக்கொள்ளும். எல்லாம் ஒருசேர இல்லாமற் போகும்போதுதான் ஒரு நகரமே இல்லாமற் போயிருக்கலாம் என்ற எண்ணம் எழும். ரயிலின் கதி வெளியுலகிற்கு உறுதியாகத் தெரிவதற்கே நாள்கள் கழிந்தன. பின்னர்க் கடல்வழியாகவும் வான்வழியாகவும் உதவி வந்தது. கடலில் வீழ்ந்த இரும்பு உத்தரங்களைத் தேடியெடுத்து, இ. ஸ்ரீதரன் தலைமையிலான பொறியாளர் குழு 46 நாள்களில் பாலத்தை மீட்டெடுத்தது. தனுஷ்கோடியோ மக்கள் வாழத் தகாத இடம் என அரசால் அறிவிக்கப்பட்டது.

கூண்டின் மொழி

'பாம்பன் துறைமுகத்தில் ஒன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது' என்னும் செய்தியை ஆண்டுதோறும் மழைக்காலத்தில் நாளிதழ்களில் காண்கிறோம். பலர் இதனைக் காற்றின் வேகத்தைக் குறிக்கும் அளவுகோல் என்று கருதிக்கொள்கின்றனர். உண்மையில் இது ஒரு மொழி. இந்தியாவில் துறைமுகங்களுக்குப் புயல் எச்சரிக்கை வழங்கும் முறை 1865இல் கல்கத்தாவில் தொடங்கியது. அதற்கு முந்தைய ஆண்டு, அதாவது தனுஷ்கோடி அழிவதற்குச் சரியாக நூறாண்டுகளுக்கு முன்பு, பெரும்புயல் ஒன்று அந்நகரைச் சிதைத்திருந்தது. கம்பத்தில் பகலில் கூம்பு, உருளை வடிவக் கூண்டுகளும் இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகளும் ஏற்றப்படும். எழுத்தறியாத மாலுமியும் படித்துக்கொள்ளலாம்.

முதல் இரண்டு எண்கள் தொலைவில் உள்ள இடரைக் குறிப்பவை. மூன்றும் நான்கும் துறைமுகத்திற்கே இடர் உண்டு என்பவை. ஐந்து முதல் பத்து வரையிலான எண்கள் புயல் கரையைக் கடக்கும் இடத்தையும் சேர்த்துச் சொல்பவை: துறைமுகத்திற்கு இடப்புறமாகவா, வலப்புறமாகவா, அதன் மேலாகவோ அருகிலோவா என்று. அவற்றுள் எட்டு, ஒன்பது, பத்து ஆகியன கடும்புயலுக்கு உரியவை.

பத்துடன் இது முடிந்திருந்தால் வியப்பேதும் இல்லை. பதினொன்றாவதாக ஓர் எண்ணும் உண்டு. பத்தாம் எண்ணைவிடக் கொடிய புயலைக் குறிப்பது அது என்று எண்ணத் தோன்றும். அவ்வாறன்று. 'வானிலை எச்சரிக்கை மையத்துடன் தொடர்பு அறுந்துவிட்டது. இடர் உண்டு என இத்துறைமுக அலுவலர் கருதுகிறார்' என்பதே அதன் பொருள். செய்தி வராமையை ஒரு செய்தியாக்கி, எல்லா எண்களுக்கும் மேலான இடத்தில் வைத்திருக்கிறார்கள். மேலிடத்திலிருந்து சொல் வராதபோது, களத்தில் நிற்பவர் தம் கண்ணையும் அனுபவத்தையும் நம்பி முடிவெடுக்கலாம் என்னும் உரிமையையும் அந்த எண் அளிக்கிறது. அணைந்த விளக்கு என்ன சொல்கிறது என்று முன்னர் எழுந்த வினாவிற்குத் துறைமுகங்களில் விடை இருந்தது. ரயில் பாதையின் இருளில் அதை ஏற்றிக் காட்டுவார் எவரும் இல்லை.

தீயிலும் அதுவே

இது கடலுக்கு மட்டும் உரிய செய்தியன்று. 2018ஆம் ஆண்டு மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீ பரவியபோது, மலையேற்றத்திற்குச் சென்றிருந்தவர்கள் அதில் சிக்கினர். இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். விமானப்படையின் உலங்கூர்திகளும் மீட்புப் படைகளும் பின்னர் வந்தன. எனினும், காயமுற்றவர்களிடம் முதலில் சென்று சேர்ந்தவர்கள் மலையடிவாரத்து ஊர்மக்களும் மலைவாழ் மக்களுமே. எந்தச் சரிவில் எந்தத் தடம் இருளிலும் காலுக்கு இடம் தரும் என்பதை அவர்கள் மட்டுமே அறிந்திருந்தனர்.

அதே ஆண்டு நவம்பர் 8 அன்று அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் பாரடைஸ் என்னும் சிறுநகரைக் காட்டுத்தீ சூழ்ந்தது; 85 பேர் மாண்டனர். கைப்பேசி வழி எச்சரிக்கை ஏற்பாடு அங்கே இருந்தது. ஆனால் அது பலரைச் சென்றடையவில்லை. கைப்பேசிக் கோபுரங்களையும் தீ விட்டுவைக்கவில்லை. 2023 ஆகஸ்ட் 8 அன்று ஹவாய்த் தீவுகளின் லஹைனா நகரம் எரிந்தபோது, எச்சரிக்கைச் சங்குகள் ஒலிக்கவே இல்லை. சங்கு ஒலிக்காததால் இடரில்லை என்று எண்ணியிருந்தவர்களைப் புகையே எழுப்பிற்று. செல்வமும் தொழில்நுட்பமும் மிகுந்த நாட்டிலும் பேரிடர் முதலில் விழுங்குவது செய்தியைத்தான்.

இன்று

1964இல் இந்தியாவின் கிழக்குக் கரையில் புயலைக் கண்டறியும் ராடார் ஒன்றுகூட இல்லை; அவை 1970ஆம் ஆண்டு முதற்கொண்டே நிறுவப்பட்டன. இன்று செயற்கைக்கோள்கள் புயலைப் பிறக்கும்போதே காண்கின்றன. காண்பது ஒன்று, சொல்வது மற்றொன்று. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் குமரிக் கடலில் வலுப்பெற்றபோது, பல நாள்களுக்கு முன்பே ஆழ்கடலுக்குச் சென்றிருந்த மீனவர்களுக்கு எச்சரிக்கை எட்டவில்லை. கரையில் உள்ளோர் அறிந்திருந்த செய்தியைக் கடலில் உள்ளோர் அறியவில்லை. அதன் பின்னர், 2019இல், கைப்பேசிக் கோபுரம் எட்டாத கடலிலும் செயற்கைக்கோள் வழியாக எச்சரிக்கை பெறும் 'ஜெமினி' என்னும் கருவி அறிமுகமாயிற்று. அதில் செய்தி வரும். பதில் அனுப்ப இயலாது. இருவழித் தொடர்பு தரும் கருவிகளைப் படகுகளில் பொருத்தும் திட்டம் 2024இல் தொடங்கப்பட்டது.

2020 டிசம்பர் 2 அன்று இரவு, புரெவி புயல் இலங்கையின் திருகோணமலைக்கு வடக்கே கரையேறி, மறுநாள் மன்னார் வளைகுடாவிற்குள் வந்தது. 1964இல் கண்டதைப் போன்றே, இலங்கையைக் கடந்து தீவை நோக்கி வரும் வழி. மாதமும் அதே டிசம்பர். முதியோர்க்கு அந்தப் பழைய இரவு நினைவுக்கு வந்திருக்கும். இம்முறை செய்தி புயலுக்கு முன்பே வந்தது. மீன்பிடிக்கச் செல்ல வேண்டா என அறிவிக்கப்பட்டது. நாட்டுப்படகுகள் கரையேற்றப்பட்டன, விசைப்படகுகள் நங்கூரமிடப்பட்டு ஒன்றோடொன்று மோதாதவாறு கட்டப்பட்டன. புயலோ வளைகுடாவில் வலுவிழந்து, இராமநாதபுரம் கரையருகே நகராமல் நின்று மழையாய்ப் பெய்தது. அதாவது, பழந்தமிழ் 'புயல்' என்று எதைச் சொல்லியதோ அதுவாகவே ஆயிற்று.

பாம்பனில் இன்றும் கம்பம் உண்டு; கூண்டும் உண்டு. கையில் திறன்பேசி வைத்திருக்கும் மீனவரும் துறைமுகப் பக்கம் போகும்போது நிமிர்ந்து அதை ஒருமுறை பார்த்துக்கொள்கிறார். கூண்டு இறங்கினால், மீன்வளத் துறையின் அனுமதிச்சீட்டு கிடைக்கும். பனிக்கட்டியும் டீசலும் ஏற்றும் வேலை அன்று மாலையே தொடங்கிவிடும்.