கை நுழையாத டிரம்முக்குக் குழாய்

கேள்வி: மேல்பக்கம் திறக்க முடியாத 200 லிட்டர் நீல டிரம்மின் அடியில் குழாய் பொருத்த முடியுமா?

பதில்: முடியும். 2 அங்குல வாயில் கை நுழையாது, கயிறு நுழையும்.

குழாயை மாட்டும் இணைப்பான அரை அங்குல டேங்க் நிப்பிளின் மரை சுமார் 21 மி.மீ. தடிமன். அதற்கேற்ப அடிப்பக்கத்தில் துளையிட்டு, பிசிறைச் சுரண்ட வேண்டும். துளை வழியே விட்ட கயிற்றை, டிரம்மைச் சாய்த்து மேல்வாயில் கம்பிக் கொக்கியால் எடுக்கலாம். அதை ரப்பர் வாஷர் மாட்டிய நிப்பிளின் மரை முனையில் கோத்து, தலைப்பக்கம் பெரிய முடிச்சிட்டு வெளியிலிருந்து இழுத்தால், மரை துளையில் எட்டிப்பார்க்கும். வாஷர் நேராக உட்காரும்வரை பொறுமையாக அசைக்க வேண்டும். கசிவதும் கசியாததும் இங்கேதான் முடிவாகிறது. பிறகு, கயிற்றைத் தளரவிடாமல் நட்டை அதன்வழியே ஏற்றி முடுக்கலாம்.

நீர் வடிக்கும்போது மேல்மூடி தளர்ந்திருக்கட்டும். காற்று புகாவிட்டால் ஓட்டம் நின்றுவிடும்.

ரசாயனம் இருந்த டிரம் குடிநீருக்கு ஆகவே ஆகாது. பெட்ரோல், தின்னர் இருந்த இரும்பு டிரம்மில் துளையே போடக் கூடாது: மிச்ச ஆவி ஒரு தீப்பொறியில் வெடிக்கும்.