நெல்லிலை பச்சையாகத் தெரிவது ஏன்?

மாணவர்களே, கட்டுக்கரைக் குளத்து நீர் பாயும் நானாட்டான் வயல்களின் பசுமைக்குக் காரணம் பச்சையம் என்பதை அறிவீர்கள். பச்சையத்துக்கு அந்நிறம் எவ்வாறு வந்தது? ஒளித்தொகுப்பையும் இரசாயனப் பிணைப்பையும் சேர்த்துப் படித்தால் விடை கிடைக்கும்.

1. சிறிய வளையம் – பென்சீன்
பென்சீனுக்கு வளைய அமைப்பை 1865 இல் கெக்குலே முன்வைத்தார். அதன் 6 காபன் அணுக்களுக்கிடையிலான பிணைப்புகள் யாவும் சம நீளமுடையவை. ஏனெனில், இரட்டைப் பிணைப்புக்குரிய 6 இலத்திரன்கள் வளையம் முழுவதும் பரவியுள்ளன. இதனால் வளையம் மிகுந்த உறுதி பெறுகின்றது. இதுவே அரோமற்றிக்கு இயல்பு.

2. இலத்திரன் எண்ணிக்கை
தட்டையான வளையத்தில் இவ்வாறு பரவும் இலத்திரன்கள் 2, 6, 10, 14, 18 என அமைந்தால் இவ்வுறுதி கிடைக்கும் என்பது 1931 இல் ஹியூக்கல் தந்த விதியின் பொருள். இவை 4 இன் மடங்குடன் 2 ஐக் கூட்டிய எண்கள். (0 + 2 = 2, 4 + 2 = 6, 16 + 2 = 18)

3. பெரிய வளையம் – பச்சையம்
நைதரசன் கொண்ட 4 சிறு வளையங்கள் இணைந்து ஒரு பெருவளையமாகின்றன. நடுவில் மகனீசியம் உண்டு. பெருவளையத்தைச் சுற்றி 18 இலத்திரன்கள் பரவியுள்ளன. குருதியிலுள்ள ஈமோகுளோபினிலும் இதையொத்த வளையமே உண்டு. அங்கு நடுவில் இரும்பு.

4. நிறம்
இலத்திரன்கள் பரவும் வளையம் பெரிதாகும்போது, அவற்றின் சக்தி மட்டங்களுக்கிடையிலான இடைவெளி பொதுவாகக் குறையும். எனவே அலைநீளம் கூடிய ஒளியும் உறிஞ்சப்படும். பென்சீன் ஏறத்தாழ 255 நனோமீற்றரில் கழியூதாக் கதிரை உறிஞ்சும், ஆகவே நிறமற்றது. பச்சையமோ 430 நனோமீற்றரை அண்டிய நீல ஒளியையும், 660 நனோமீற்றரை அண்டிய சிவப்பு ஒளியையும் நன்கு உறிஞ்சும். பச்சை ஒளி குறைவாகவே உறிஞ்சப்படுவதால் இலை பச்சையாகத் தெரிகின்றது. உறிஞ்சிய சக்தியே ஒளித்தொகுப்பைத் தொடக்கி, ஈற்றில் நெல்மணியில் மாப்பொருளாகச் சேர்கின்றது.

5. வயலில் காண்பது
மகனீசியமோ நைதரசனோ குறைந்தால் போதிய பச்சையம் உருவாகாது. தாவரம் இவற்றை முதிர்ந்த இலைகளிலிருந்து இளம் இலைகளுக்குக் கொண்டுசெல்வதால், முதிர்ந்த இலைகளே முதலில் மஞ்சளாகும். மகனீசியக் குறைபாட்டில் நரம்புகளுக்கு இடைப்பட்ட பகுதி மஞ்சளாகும். நைதரசன் குறைபாட்டில் இலை முழுவதும் வெளிறும். இதை இனங்காணத் தவறினால் விளைச்சல் குறையும்.

கவனிக்க: “இலை பச்சை ஒளியை உறிஞ்சுவதால் பச்சையாகத் தெரிகின்றது” என எழுதுவது தவறு.

மாதிரி வினா: பென்சீன் நிறமற்றது, பச்சையம் நிறமுடையது. காரணம் தருக.
விடை: பென்சீன் உறிஞ்சும் கழியூதாக் கதிர் கண்ணுக்குப் புலப்படாது. பச்சையத்தின் பெரிய வளையம் கட்புலனாகும் நீல, சிவப்பு ஒளிகளை உறிஞ்சுகின்றது.