யார் திட்டினால் கோபம் வருகிறது?

ஒரு காட்சியை நினைத்துப் பாருங்கள். மூணாறு மலையில் ஒரு தேயிலைத் தோட்டம். பெண்கள் கொழுந்து மூட்டையோடு எடை போட நிற்கிறார்கள். மழை தூறுகிறது.

"இதுதான் கொழுந்தா? மாடுகூடத் தின்னாது!" சூப்பர்வைசர் கத்துகிறார். கெட்ட வார்த்தையும் வருகிறது.

பெண்கள் தலை குனிந்து நிற்கிறார்கள். திரும்பும் வழியில் ஒருத்தி சொல்கிறாள்: "அண்ணாச்சி அப்படித்தான் அக்கா. ஆம்பளைக்குக் கோபம் வரும். மனசுல ஒண்ணும் வச்சுக்க மாட்டாரு."

அவர் இடத்துக்கு ஒரு பெண் சூப்பர்வைசர் வருகிறார். அவரும் அதே வார்த்தையைச் சொல்லிக் கத்துகிறார். அன்று லயம் முழுவதும் அதே பேச்சு.

"பொம்பளைக்கு இவ்வளவு வாயா?"

ஆண்களுக்கு இன்னும் கோபம். "ஒரு பொம்பளைகிட்டப் பேச்சு வாங்கணுமா?"

திட்டு ஒன்றுதான். ஆனால் எடைக்கல் இரண்டு.

இது எப்படி வந்தது? வெள்ளைக்காரர் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து ஆட்களைக் கூட்டி வந்தவர் கங்காணி. வேலை வாங்கியவரும் அவரே. அவருக்கு மேலே துரை. பெரும்பாலும் ஆண்கள். கொழுந்து பறிப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். அதனால் கத்துவது ஆணின் வேலை என்றே பழகிவிட்டது. வீட்டிலும் அப்பா கத்துவார், அம்மா பொறுத்துப்போவார். பெண் கத்தினால் இரண்டு குற்றம் சொல்கிறோம். கத்தியது ஒன்று, பெண்ணாக இருந்து கத்தியது ஒன்று. ஆண் கத்தினால் ஒரு குற்றம்கூட இல்லை! உண்மையில் இரண்டு பேர் செய்ததும் தப்புதான்.

பொறுத்துப்போவது பெண்ணின் பிறவிக் குணம் என்பார்கள். 2015 செப்டம்பரில் மூணாறில் நடந்தது வேறு. 20 சதவீத போனஸ் கேட்டு ஆயிரக்கணக்கான பெண்கள் சாலையில் உட்கார்ந்தார்கள். சங்கத் தலைவர்களையும் பக்கத்தில் விடவில்லை. 9 நாள் போராட்டம். போனஸும் கருணைத்தொகையும் சேர்த்து 20 சதவீதம் கிடைத்தது. 'பெம்பிளை ஒருமை' என்ற பெயர் நாடு முழுவதும் தெரிந்தது.

கூலி குறைந்தால் கணக்கில் தெரியும். திட்டு எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. அதனால்தான் அதை எழுதி வைக்க வேண்டியிருக்கிறது.

பெண்ணிடம் ஆபாசமாகப் பேசினால் அது வெறும் திட்டு இல்லை. 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது பாலியல் தொல்லை. 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் இதற்கு ஒரு புகார்க் குழு இருக்க வேண்டும். குழுவின் தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும். 3 மாதத்துக்குள் புகார் எழுதிக் கொடுக்கலாம். எழுத முடியாதவருக்குக் குழுவே உதவ வேண்டும். நீங்கள்தான் இப்போது எழுதுவீர்களே! தேதி, இடம், சொன்னவர் பெயர், பக்கத்தில் இருந்தவர்கள் பெயர் எழுதுங்கள். சொன்ன வார்த்தை கூச்சமாக இருந்தாலும் அப்படியே எழுதுங்கள்.