பல கருவிகளுக்குப் பொதுவான வைஃபை அமைத்தல்

கூட்டுறவுச் சங்கக் கட்டிடங்களிலும் பெரிய பண்ணைகளிலும் கைப்பேசி, காமிரா, மண்ணின் ஈரமறியும் கருவி, பம்புசெட்டை இயக்கும் கருவி முதலியவை ஒரே வைஃபையில் சேர்க்கப்படுகின்றன. இவை பெருகியபின் தொடர்பு அடிக்கடி அறுபடுமாயின், உரிய வேளையில் மோட்டார் நில்லாது நீரும் மின்சாரமும் வீணாகும். அதிகச் சந்தா கட்டுமுன் அமைப்பைச் சோதித்தல் நலம்.

வைஃபை முறைநீர்ப் பாசனத்தை ஒத்தது. பொதுவாக ஒரு தடத்தில் ஒரு சமயம் ஒரு கருவியே பேசவியலும். தொலைவிலுள்ள கருவி மெதுவாகப் பேசுவதால் ஏனையவற்றின் முறையும் தாமதமாகிறது. ஆகையால் கீழ்க்கண்டவற்றை அனுசரித்தல் வேண்டும்.

1. ரவுட்டரை இரும்புப் பீரோ, தகரத் தடுப்பு இவற்றினருகே வையாது, கட்டிடத்தின் நடுவில் உயரமாக வைத்தல் வேண்டும்.

2. இடம் பெரிதாயின் கூடுதல் அணுகுமுனைகளை அமைத்து, அவற்றைக் கம்பியால் ரவுட்டருடன் இணைத்தல் சிலாக்கியம். செப்புக் கம்பி 100 மீட்டருக்கு மேற்படலாகாது.

3. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை தூரம் எட்டும். ஈரமறியும் கருவிகளுக்கு அது போதும். அதில் ஒன்றோடொன்று மோதாதவாறு 1, 6, 11 ஆகிய தடங்களை அண்டை முனைகளுக்குப் பகிர்ந்தளிக்க வேண்டும். அருகிலுள்ள கைப்பேசிகளுக்கு 5 கிகாஹெர்ட்ஸ் ஏற்றது.

4. இடம் மாறாத காமிராவையும் கணினியையும் கம்பியிலேயே சேர்த்தால் மற்றவற்றிற்கு இடம் மிகும்.

5. சாதாரண அமைப்பில் முகவரிகள் 254 மட்டுமே. வருவோர் போவோருக்கு வேறு கடவுச்சொல்லுடன் தனி இணைப்பு வைத்தல் அவசியம்.

மின்சாரம் நின்றால் ரவுட்டரும் நிற்குமாதலால், அதற்கு மின்கல ஏற்பாடு வேண்டும். மோட்டாரைக் கையால் நிறுத்தும் சுவிட்சை எக்காரணம்பற்றியும் அகற்றலாகாது.